நாய் பேசினால் நம்மிடம் என்ன கேட்கும்?



சில வாரங்களுக்கு முன் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் மகாபாரதத்தின் கடைசிப் பகுதியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாண்டவர்கள் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு இமயமலை நோக்கிப் புறப்படுகிறார்கள். அஸ்தினாபுரத்திலிருந்தே ஒரு நாய் அவர்கள் பின்னால் வருகிறது. அந்த இடத்தில் படிவம் இரண்டு படிக்கும் ஒரு தங்கை கையைத் தூக்கினாள்.

"அண்ணே, அவ்ளோ தூரம் நடந்து வந்த நாய் ஒரு வார்த்தைகூடப் பேசலையா? படமா இருந்தா பேசியிருக்கும் லா!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். ஆனால் மோட்டாரில் வீட்டுக்குத் திரும்பும்போது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. அவள் சொன்னது சரிதானே? பேசுகிற நாய் என்றால் நமக்கெல்லாம் ஏன் அவ்வளவு பிடிக்கிறது? நம் இதிகாசத்தின் மிக முக்கியமான நாயோ ஏன் வாயே திறக்கவில்லை? இந்த இரண்டு கேள்விகளையும் உங்களோடு சேர்ந்து யோசிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நமக்கு ஏன் பிடிக்கிறது?

'எ டாக்ஸ் பர்ப்பஸ்' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். டபிள்யூ. புரூஸ் கேமரன் 2010-ல் எழுதிய நாவல் அது, 2017-ல் படமாக வந்தது. கதையைச் சொல்வதே நாய்தான். அது செத்துப்போகிறது, மறுபடி நாயாகப் பிறக்கிறது, மறுபடி சாகிறது. எல்லாப் பிறவியிலும் 'நான் எதற்காகப் பிறந்தேன்?' என்று தேடுகிறது. கடைசியில், தன்னைச் சிறுவயதில் வளர்த்த பையனை முதியவனாகக் கண்டுபிடிக்கிறது. கார்த் ஸ்டெய்ன் 2008-ல் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் ரேசிங் இன் த ரெயின்' நாவலிலும் நாய்தான் கதை சொல்கிறது. அடுத்த பிறவியில் மனிதனாகப் பிறப்போம் என்று அது நம்புகிறது. இரண்டு கதைகளிலும் மறுபிறவி! நாம் சமய வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்கிற விஷயத்தை ஹாலிவுட் ஒரு நாயின் வாயில் வைத்துச் சொன்னால் கண்ணீர் விட்டுக் கேட்கிறோம்.

நானும் அழுதேன். அப்பாவோடு வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பாதிப் படத்தில் அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஏன் அழுகிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். நாய் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நாம் யார்மேல் எரிந்து விழுகிறோம், யாருக்குத் தெரியாமல் அழுகிறோம் என்று எல்லாவற்றையும் பார்க்கிறது. ஆனால் யாரிடமும் சொல்லாது. அப்படி நம்மை முழுக்கத் தெரிந்த ஓர் உயிர், ஒருநாள் வாயைத் திறந்து "உன்னைப்பற்றி எனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் உன்னைப் பிடிக்கும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதைத்தான் இந்தக் கதைகள் நமக்குத் தருகின்றன. மன்னிப்பு. நாம் கேட்காமலே, நாம் எதையும் மாற்றிக்கொள்ளாமலே கிடைக்கிற மன்னிப்பு.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்த வசனத்தை எழுதியது நாயா? மனிதன்தானே? நாம் கேட்க ஆசைப்படுவதை நாமே எழுதி, நாயைப் பேச வைத்து, நாமே கேட்டு அழுகிறோம்.

அதே படம் வெளிவருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, படப்பிடிப்பில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாயை வலுக்கட்டாயமாகத் தண்ணீரில் இறக்க முயல்வதுபோல் ஒரு காணொளி வெளியாகிப் பெரிய சர்ச்சை ஆனது. பின்னர் நடந்த விசாரணை, நாய்க்குத் தீங்கு நேரவில்லை என்றும் காணொளி தவறான எண்ணம் வரும்படி வெட்டி ஒட்டப்பட்டது என்றும் சொன்னது. நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். திரையில் இருந்த நாய்க்கு அழகான குரல் இருந்தது. தண்ணீர் ஓரத்தில் நின்ற நிஜ நாய்க்கு என்ன தோன்றியது என்று மனிதர்கள்தான் இரண்டு பக்கமும் நின்று பேசினார்கள்.

சாட்சி சொல்லும் நாய்

எல்லாப் பேசும் நாயும் மன்னித்துக்கொண்டே இருப்பதில்லை. ஸ்பெயின் நாட்டு எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1613-ல் வெளியிட்ட கதைத் தொகுப்பில், ஒரு மருத்துவமனையைக் காவல் காக்கும் இரண்டு நாய்களுக்கு ஓர் இரவு திடீரென்று பேச்சு வந்துவிடுகிறது. ஒரு நாய், தான் இதுவரை வேலை செய்த எஜமானர்களைப்பற்றி இன்னொன்றிடம் சொல்கிறது. கசாப்புக்கூடத்தில் இறைச்சி திருடியவர்களைப்பற்றிச் சொல்கிறது. பிறகு ஆட்டு மந்தை. "ஓநாய், ஓநாய்!" என்று மேய்ப்பர்கள் கத்துவார்கள். நாய்கள் உயிரைக் கொடுத்து ஓடும், ஓநாயைக் காணோம். ஒருநாள் இது மறைந்திருந்து பார்க்கிறது. கொழுத்த ஆட்டை மேய்ப்பர்களே கொன்றுவிட்டு ஓநாய்மேல் பழி போடுகிறார்கள். உண்மை தெரிந்த ஒரே சாட்சி நாய். அன்று அதற்குப் பேச வாய் இல்லை.

கனடாவின் மார்கரெட் மார்ஷல் சாண்டர்ஸ் எழுதிய 'பியூட்டிபுல் ஜோ' 1893-ல் வந்தது. வளர்த்தவனே காதையும் வாலையும் வெட்டிய ஓர் உண்மையான நாயை வைத்து எழுதிய கதை. அந்த நாயே தன் கதையைச் சொல்கிறது. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவது தவறு என்ற எண்ணம் பரவ அந்தப் புத்தகம் உதவியது.

ஆக, பேசும் நாய் இரண்டு வகை. ஒன்று நம்மைத் தட்டிக்கொடுக்கிறது. இன்னொன்று நம்மைப்பற்றிச் சாட்சி சொல்கிறது. நம் சாஸ்திரங்களில் வருகிற நாய் எந்த வகை?

சரமா கேட்ட கேள்வி

நம்மிடம் பேசும் நாய் வேத காலத்திலேயே இருக்கிறது. தேவர்களின் பெண் நாய் சரமா. திருடப்பட்ட பசுக்களைத் தேடிப் போய், திருடிய பணிகளோடு நேருக்கு நேர் பேசுகிறாள். ரிக் வேதத்தின் பத்தாவது மண்டலத்தில் இந்த உரையாடல் இருக்கிறது. "எங்களோடு இருந்துவிடு, உன்னைச் சகோதரியாக வைத்துக்கொள்கிறோம், பசுக்களில் பங்கு தருகிறோம்" என்று அவர்கள் ஆசை காட்டுகிறார்கள். சரமா மசியவில்லை.

அதே சரமா மகாபாரதத்தின் ஆரம்பத்திலேயே மறுபடி வருகிறாள். அர்ச்சுனனின் கொள்ளுப்பேரன் ஜனமேஜயன் தம்பிகளோடு குருக்ஷேத்திரத்தில் யாகம் செய்துகொண்டிருக்கிறான். அங்கே சரமாவின் குட்டி ஒன்று வருகிறது. தம்பிகள் அதை அடித்து விரட்டுகிறார்கள். குட்டி அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடுகிறது.

அம்மா முதலில் என்ன சொல்கிறாள் தெரியுமா? "நீ ஏதாவது தப்பு செய்திருப்பாய்." நம் அம்மாக்கள் கேட்பதுபோலவே இல்லையா! "இல்லை. யாகப் பொருளை நக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை" என்கிறது குட்டி. அதற்குப் பிறகுதான் சரமா யாகசாலைக்குப் போகிறாள். தப்பே செய்யாத என் மகனை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள்.

அரச குடும்பத்தினர் யாரும் பதில் சொல்லவில்லை.

இந்த இடத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன். நாய் பேசுகிறது, மனிதர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். நாயிடம் நியாயம் இருக்கிறது, இவர்களிடம் இல்லை. குற்றமில்லாதவனை அடித்ததால் கண்ணுக்குத் தெரியாத பயம் உங்களை வந்து சேரும் என்று சபித்துவிட்டு அவள் போய்விடுகிறாள். ஜனமேஜயன் கலங்கிப்போய், சாபத்தை விலக்க ஒரு புரோகிதரைத் தேடி அலைகிறான். அத்தனை பெரிய இதிகாசத்தின் வாசலில் நிற்பது ஒரு தாய் நாயும் அவள் கேட்ட ஒரு கேள்வியும்.

"அது அதோட கர்மா"

இன்னொரு நாய் இராமர் சபைக்கே வருகிறது. வால்மீகி இராமாயணத்தின் உத்தர காண்டத்தில் சில பதிப்புகளில் மட்டும் இருக்கும் கதை இது. பின்னால் சேர்க்கப்பட்டது என்று அறிஞர்கள் சொல்வார்கள். கம்பர் உத்தர காண்டம் பாடாததால் நம்மில் பலருக்கு இது தெரியாது.

அரண்மனை வாசலில் தலையில் காயத்தோடு ஒரு நாய் நிற்கிறது. அனுமதி கிடைத்த பிறகுதான் உள்ளே வருகிறது. பிச்சை எடுக்கும் ஓர் அந்தணர் காரணமில்லாமல் தன்னை அடித்துவிட்டார் என்று முறையிடுகிறது. அவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். "பசியோடு அலைந்தேன். வழியில் நின்றது, விலகச் சொன்னேன், விலகவில்லை. கோபத்தில் அடித்துவிட்டேன்" என்று ஒப்புக்கொள்கிறார். என்ன தண்டனை தரலாம்? நாயே சொல்கிறது: "இவரைக் காலஞ்சரத்தில் மடத்துத் தலைவர் ஆக்குங்கள்." அவரை யானைமேல் ஏற்றி அனுப்புகிறார்கள். இது தண்டனையா, பரிசா? சபையில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. நாய் விளக்குகிறது. போன பிறவியில் அதே பதவியில் இருந்தது அதுதான். ஒழுங்காகத்தான் நடந்தது, ஆனாலும் அந்தப் பதவியால் இந்த நிலைக்கு வந்தது. அப்படியென்றால் இவ்வளவு கோபம் உள்ளவர் அந்தப் பதவியில் உட்கார்ந்தால் என்ன ஆவார்?

கோயில், சங்கம் என்று பொறுப்பில் இருக்கிற நாம் எல்லோரும் இதைக் கேட்டால் ஒரு தடவையாவது எச்சில் விழுங்குவோம்.

இந்தக் கதையை எங்கள் இளைஞர் பிரிவில் சொன்னபோது ஒரு தம்பி சொன்னார்: "அப்ப அந்த நாய் அடி வாங்குனது அதோட கர்மாதானே அண்ணே? ரோட்டுல கஷ்டப்படுற நாய் எல்லாம் அப்படித்தானே?"

இது லேசான கேள்வி இல்லை. இந்துக்கள் நாம் அடிக்கடி சறுக்குகிற இடமே இதுதான். கதையைத் திரும்பப் பாருங்கள். தன் கர்மாவைப்பற்றிப் பேசியது யார்? நாய், தன்னைப்பற்றித் தானே சொன்னது. இராமர் "அது உன் கர்மா, போய் வா" என்று சொல்லவில்லை. வழக்கைக் கேட்டார், அடித்தவரை வரவழைத்தார். அந்த நாய் முன்பிறவியில் யாராக இருந்தாலும், இந்தப் பிறவியில் ஓங்கிய கை ஓங்கிய கைதான். கர்மா என்பது என் செயலுக்கு நான் பொறுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். அடுத்த உயிரின் வேதனையைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோக அதைச் சாக்காக எடுத்தால், சொல்லைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

ஜிம்மி

இப்போது அப்பா ஏன் எழுந்து போனார் என்று சொல்கிறேன்.

எனக்குப் பதினொரு வயது வரை நாங்கள் தோட்டத்தில், லயத்து வீட்டில் இருந்தோம். ஜிம்மி என்று ஒரு கறுப்பு நாய். முன்னங்கால் ஒன்று மட்டும் சாக்ஸ் போட்டதுபோல வெள்ளை. அப்பா விடியற்காலையில் செம்பனை மட்டை வெட்டக் கிளம்பும்போது கூடவே போகும், மதியம் கூடவே வரும். பிறகு தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். காலி செய்யச் சொன்னார்கள். எங்களுக்குக் கிடைத்தது பட்டணத்தில் மலிவு விலை பிளாட், நாலாவது மாடி. நாய் வளர்க்க அனுமதி இல்லை.

லோரியில் சாமான் ஏற்றிய அன்று ஜிம்மி சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. லோரி கிளம்பியதும் பின்னாலேயே ஓடிவந்தது. நான் பின்னால் மெத்தைமேல் உட்கார்ந்திருந்தேன். மண்சாலை முடிகிற முனீஸ்வரர் கோயில் வரைக்கும் வந்தது. அங்கே நின்றுவிட்டது. குரைக்கவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. "பக்கத்து லயத்துப் பாட்டி சோறு போடுவாங்க" என்று அம்மா சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் ஜிம்மியைப்பற்றிப் பேசவில்லை.

அந்தப் படம் பார்த்த இரவு, பால்கனியில் நின்றுகொண்டு அப்பா பேசினார். பதினைந்து வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது, அன்றுதான் முதல் தடவை. லோரி வந்து ஒரு வாரம் கழித்து, வேலை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போயிருக்கிறார். பாட்டி அதற்குள் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜிம்மியைக் காணோம். மறுபடி இரண்டு தடவை போயிருக்கிறார். மூன்றாவது தடவை லயமே இல்லை, தரைமட்டம்.

"படத்துல நாய் திரும்பி வந்து வாலாட்டுது தம்பி. நம்ம ஜிம்மிக்குப் பேச்சு வந்தா அப்படியா பேசும்? ஏன்பா விட்டுட்டுப் போனீங்கன்னுதான் கேக்கும். நான் என்ன சொல்றது?"

நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஜனமேஜயனின் தம்பிகள் நின்றதுபோல நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்று அவர் கையில் என்ன இருந்தது? எங்களையே போகச் சொன்னார்கள், எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சு எடுபடாத எங்கள் கையில், பேச்சே இல்லாத ஒரு நாய் இருந்தது. நமக்கு நடந்ததை நமக்குக் கீழே இருக்கிற உயிருக்கு நாம் செய்துவிடுகிறோம், பல நேரம் தெரியாமலேயே. ஆனால் தெரிந்த பிறகு, 'நாங்களும்தான் கஷ்டப்பட்டோம்' என்பது ஜிம்மிக்குப் பதில் ஆகாது. அப்பாவுக்கு அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் மூன்று தடவை போயிருக்கிறார். அந்தப் படத்தில் கிடைத்த மன்னிப்பு எனக்கு இனித்தது, அவருக்குக் கசந்தது. அவர்தான் சரியாகப் பார்த்தார்.

பேசாத நாய்

இப்போது தங்கையின் கேள்விக்கு வருகிறேன். தருமரின் நாய் ஏன் பேசவில்லை?

திருவாரூரில் கன்றை இழந்த பசு பேசவில்லை, ஆராய்ச்சி மணியை மட்டும் அடித்தது. மனுநீதிச் சோழனுக்கு அது போதுமானதாக இருந்தது. தருமரின் நாயிடம் அந்த மணிகூட இல்லை. வழியில் திரௌபதி விழுகிறாள். சகதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என்று ஒவ்வொருவராக விழுகிறார்கள். நாய் மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. இந்திரன் தேரோடு வருகிறான். நாயை விட்டுவிட்டு ஏறச் சொல்கிறான். தருமர் மறுக்கிறார். நம்பி வந்ததைக் கைவிடுவது பெரிய பாவம் என்கிறார். இந்திரன் எத்தனை விதமாக எடுத்துச் சொல்லியும் அசையவில்லை.

ஒன்றைக் கவனித்தீர்களா? 'இது புத்திசாலி நாய்' என்று அவர் வாதாடவில்லை. 'எனக்கு உதவி செய்தது' என்றும் சொல்லவில்லை. அது அவரைப் புகழவில்லை, நன்றி சொல்லவில்லை, தன்னை விட்டுவிடாதே என்று கெஞ்சவும் இல்லை. கூட வந்தது, அவ்வளவுதான். அது பேசியிருந்தால் சோதனை சுலபமாகிப் போயிருக்கும். நம்மைப்போலப் பேசுகிற ஒன்றைக் காப்பாற்ற யாருக்கும் மனம் வரும். தருமர் முடிவு எடுத்த பிறகுதான் அது தரும தேவதையாக மாறிப் பேசுகிறது. பேசியபோது அது நாயாக இல்லை. நாயாக இருந்தவரைக்கும் பேசவில்லை.

மகாபாரதம் பேசும் நாயில் தொடங்கி, பேசாத நாயில் முடிகிறது என்று இப்போது நான் புரிந்துகொள்கிறேன். முதலில் கேள்வி வாய்விட்டு வருகிறது, பதில் இல்லை. கடைசியில் கேள்வியே வரவில்லை, ஆனால் ஒரு மனிதர் பதில் சொல்லிவிட்டார்.

ஆகவே நண்பர்களே, பேசும் நாய்க் கதைகளைப் படியுங்கள், பாருங்கள், அழவும் செய்யுங்கள். தப்பே இல்லை. அவை மனத்தை இளக்குகின்றன. இளகிய மனத்தோடு அடுத்த நாள் காலையில் என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம். தேய்பிறை அஷ்டமியில் வைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம், அவர் வாகனத்துக்கும் பூ வைக்கிறோம். வெளியே செருப்புப் பக்கத்தில் படுத்திருக்கிற நாயை என்ன செய்கிறோம்? நம் நாட்டில் விலங்குகள் நலச் சட்டம் 2015 இருக்கிறது. கொடுமை செய்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் அடிக்கிற கையைப் பிடிக்கலாம். கைவிடாத மனத்தை அது தராது.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். குட்டி அழகாக இருக்கிறது என்று வாங்கும் முன், வீடு மாறினால், வேலைக்காக வேறு ஊர் போனால் இதை யார் பார்ப்பார்கள் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். வளர்க்க முடியாத நிலை வந்தால் சாலையில் விடாமல், ஒரு வீடு கிடைக்கும்வரை தேடுங்கள். உங்கள் தாமானில் திரியும் நாய்களுக்குக் கருத்தடை செய்ய நாலு பேர் சேர்ந்து பணம் போடுங்கள். நாய்க்குப் பயப்படுகிற, நாயைத் தொட விரும்பாத அண்டை வீட்டாரையும் மதித்து, அவர்களுக்குத் தொல்லை இல்லாமல் செய்யுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். ஜிம்மி கதையையும் சொன்னேன். தங்கை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தாள். பிறகு கேட்டாள்:

"அண்ணே, அந்த முனீஸ்வரர் கோயில் இன்னும் இருக்கா? அங்க இப்ப நாய் ஏதும் இருக்கா?"

கோயில் இருக்கிறது. மற்றது தெரியவில்லை. வருகிற சனிக்கிழமை அப்பாவும் நானும் போய்ப் பார்க்கப் போகிறோம். ஒரு மூட்டை நாய்த் தீனியும் தண்ணீர்க் கிண்ணமும் எடுத்து வைத்திருக்கிறோம். அவளும் அவளுடைய அம்மாவும் எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.